சுமித்ராவுக்கு விழுந்த பக்கம்

பிரின்சிபால் அறை வாசலில் பூ மிதக்கவிட்டிருந்த கண்ணாடிக் கிண்ணத்தை முனிசாமி தூக்கிக்கொண்டு வந்தபோது மணி ஒன்பதே கால். தண்ணீரைக் குரோட்டன்ஸ் தொட்டியில் கொட்டிவிட்டு, ஒட்டிக்கொண்டிருந்த சாமந்தி இதழ்களை விரலால் வழித்து எடுத்து, கைக்குட்டையால் உள்ளும் புறமும் துடைத்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் சபீனா மேடம் கண்ணாடிக் கிண்ணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். எவர்சில்வர் ஆகாதாம். சீட்டு எடுப்பது எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டுமாம், அப்போதுதான் நியாயம் நடக்கிறது என்று பிள்ளைகளுக்கு நம்பிக்கை வருமாம். நியாயம் கண்ணுக்குத் தெரிந்தால் நல்லதுதானே என்று முனிசாமியும் நினைத்துக்கொண்டார். பதினொரு வருடமாக அந்த செமினார் ஹாலுக்கு அவர்தான் அட்டெண்டர். நாற்காலி போடுவது, மைக்குக்கு பேட்டரி மாற்றுவது, விருந்தாளிக்குப் பூச்செண்டை எடுத்து நீட்டுவது, அதே பூச்செண்டை மத்தியானம் வரப்போகிற அடுத்த விருந்தாளிக்காகத் தண்ணீர் தெளித்து வைப்பது, எல்லாம் அவர் கை வேலை.

திருப்பதியிலிருந்து சித்தூர் போகிற சாலையில், சந்திரகிரி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற தனியார் இன்ஜினியரிங் காலேஜ் அது. போன நவம்பரில் பெண்கள் ஹாஸ்டலில் ஒரு சங்கதி நடந்தது. ஒரு பெண்ணின் டம்ளருக்கு அடியில் கூட இருக்கிற பெண்கள் சிவப்பு நெயில் பாலிஷில் புள்ளி வைத்துவிட்டார்கள், தங்கள் டம்ளரோடு கலந்துவிடக் கூடாது என்று. என்ன சாதிப் பெண் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன. அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. பாத்திரம் துலக்குகிற அம்மாள்தான் மனசு கேட்காமல் வார்டனிடம் போய்ச் சொன்னாள். வார்டன் எழுதிக் கொடுத்த கவரைப் பிரின்சிபால் மேசைக்குக் கொண்டுபோய் வைத்ததும் முனிசாமிதான். கவர் ஒட்டியிருந்தது. ஒட்டாவிட்டாலும் அவர் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை. பெயர் வெளியே வராமல் நிர்வாகம் பார்த்துக்கொண்டது. அதற்குமேல் ஒன்றும் செய்யவும் இல்லை. மார்ச்சில் மேலேயிருந்து கமிட்டி பார்வையிட வருகிறது என்றதும்தான் ஞானம் பிறந்தது. மாணவர், ஆசிரியர், ஊழியர் எல்லாருக்கும் இரண்டு நாள் சமத்துவப் பயிற்சி என்று சர்க்குலர் வந்தது. வராத பிள்ளைக்கு ஹால் டிக்கெட் கிடையாது, வராத ஊழியருக்குச் சம்பளம் கிடையாது. "சமத்துவம்னா சும்மாவா முனிசாமி, தம்ப் வெச்சாத்தான் உள்ள வரும்," என்றார் ஆபீஸ் நிர்வாகம் பார்க்கிற ஏ.ஓ. ஹரிபாபு, விரல் வைக்கிற மெஷினை ஹால் வாசலில் மாட்டச் சொல்லிக்கொண்டே. தெலுங்குக்காரர், ஆனால் முனிசாமியிடம் மட்டும் தமிழில்தான் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

ஹாலில் நானூறு பேர் இருந்தார்கள். நாலாவது வரிசையில் ஓரத்திலிருந்து மூன்றாவதாக உட்கார்ந்திருந்த சுமித்ரா, முனிசாமி பெற்ற ஒரே மகள் என்பது அந்த நானூறில் ஒருவருக்கும் தெரியாது. ஈ.சி.ஈ. மூன்றாம் வருடம். எஸ்.சி. கோட்டாவில் சீட், அரசாங்கம் ஃபீஸ் கட்டுகிறது. கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு காலனியில் வீடு. ஒரு தலைமுறைக்கு முன்னால் வரை அடுத்தவன் நிலத்தில் குனிந்தே முதுகு வளைந்த சனம். இப்போது அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து முனிசாமியின் சம்சாரம் பொன்னியம்மா வேர்க்கடலை போடுகிறாள். அந்தச் சனத்திலிருந்து ஒரு பெண் இன்ஜினியரிங் வந்தால் ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும். முனிசாமி செய்ததோ நேர்மாறு. அட்மிஷன் அன்றைக்கு அவளை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"இதோ பாரு சுமி. இந்த கேட்டுக்கு உள்ள நீ யாரோ, நான் யாரோ. நைனான்னு கூப்புடாத. எதுர்ல வந்தா நிக்காத."

"ஏன் நைனா, நீ இன்னா திருட்டு வேலையா செய்யற?"

"டீ கிளாசு எடுக்கறவன் பொண்ணுன்னு ஒருத்தன் வாயில வந்துட்டா போதும், நாலு வருசமும் அதான் ஒன் பேரு. பேரக் கேட்டு, அப்பறம் ஊரக் கேட்டு, அப்பறம் தெருவக் கேப்பானுங்க. நான் இங்கியே தான கீறேன், பாத்துக்கினு. அது போதும் எனக்கு."

அப்ளிகேஷனில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் விவசாயக் கூலி என்று எழுதச் சொன்னார். அவள் எழுதினாள். அன்றைக்குப் பிடித்த விரதத்தை ஒரு நாள்கூட விடவில்லை. வராந்தாவில் நேருக்கு நேர் வந்தாலும் சுவரில் இருக்கிற நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு போவாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாளே என்று அவருக்குப் பெருமை. அதே சமயம், ஒரே ஒரு தடவை தவறிப்போய் நைனா என்றுவிட மாட்டாளா என்று ஒரு அற்ப ஆசையும் உண்டு. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டிவிட்டார்.

சனிக்கிழமை சாயந்திரம் மட்டும்தான் அவர்களுக்கு. அவள் ஹாஸ்டலிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு காலேஜ் ஸ்டாப்பில் நிற்பாள். அவர் யூனிஃபார்மை மாற்றி வேறு சட்டை போட்டுக்கொண்டு, பின்பக்க கேட் வழியாக ஒரு கிலோமீட்டர் நடந்து அடுத்த ஸ்டாப்பான மாமிடிமானுவில் போய் நிற்பார். பெயர்தான் மாமரம். ரோட்டை அகலப்படுத்தியபோது மரம் போய்விட்டது, யாரோ செத்துப்போன ஒருவர் நினைவாகப் போட்ட சிமெண்ட் பெஞ்சு மட்டும் இருக்கிறது. அவள் பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து சீட்டில் பையை வைத்துவிடுவாள். யார் வந்து கேட்டாலும், "மனிஷி உன்னாரு," என்பாள். ஆள் இருக்காங்க. அவர் ஏறி, கண்டும் காணாததுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். காலேஜ் பிள்ளைகள் பாகாலா கிராஸில் இறங்குகிறவரை அந்தப் பை அந்த சீட்டைக் காத்துக்கொண்டு வரும். பஸ் நகர்ந்த அடுத்த நிமிஷம் பையை மடியில் எடுத்துக்கொண்டு, "குந்து நைனா," என்பாள். கால் வலியெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் போய்விடும். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆனபிறகு சனிக்கிழமை பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. எத்தனையோ பேர் அந்தப் பையைப் பார்த்துத் திட்டியிருக்கிறார்கள். அவள் அசைந்ததில்லை.

பயிற்சியின் முதல் நாள் வெள்ளிக்கிழமை. திரையில் படம் காட்டினார்கள், எல்லாரையும் எழுந்து நின்று பக்கத்தில் இருப்பவரிடம் கை கொடுக்கச் சொன்னார்கள். முனிசாமிக்குப் பக்கத்தில் ஏ.சி. ஸ்டெபிலைசர்தான் இருந்தது. சபீனா மேடம் நல்ல பெண்மணி, அதைப் பார்த்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்து அவருக்குக் கை கொடுத்தார். இரண்டாம் நாளான இந்தச் சனிக்கிழமை திறந்த விவாதம். இட ஒதுக்கீடு இன்னும் தேவையா என்று திரையில் பெரிய எழுத்து. எதைப் பற்றிப் பேசப் பயப்படுகிறோமோ அதைத்தான் காலேஜில் பேச வேண்டும் என்றார் மேடம். அவரவர் மனசில் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை, சீட்டில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்காக முழு மனசாகப் பேச வேண்டும். நமக்கு எதிரே நிற்பவனின் நியாயத்தை ஒருமுறை நம் வாயால் சொல்லிப் பார்த்தால் கோபம் தணியும் என்றார். ஆறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். சுமித்ரா பேச்சுப் போட்டி என்றால் விடமாட்டாள்.

கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஒவ்வொருவராக முனிசாமிதான் நீட்டினார். பவன்குமார் என்கிற பையன், பாகாலாப் பக்கம் பெரிய ரோடு காண்டிராக்டர் மகன், முதலில் எடுத்தான். 'தேவை' என்று விழுந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து ஹால் சிரித்தது. சுமித்ரா நான்காவதாக வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கையை விட்டாள். மிச்சம் மூன்று சீட்டு கிடந்த கிண்ணத்தில் அவள் விரல் ஒரு நொடி அவர் கட்டை விரல்மேல் பட்டது. ஜில்லென்று இருந்தது. காலையில் ஒன்றும் துன்னாமல் வந்திருப்பாள் கழுதை என்று நினைத்தார். அவள் சீட்டைப் பிரித்து மேடத்திடம் காட்டினாள். 'தேவையில்லை.'

கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்திருந்தால் பக்கத்துச் சீட்டு வந்திருக்குமே என்று முனிசாமிக்குத் தோன்றியது. பிறகு தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். வேஷம்தானே. அவர்கள் பக்கத்து கங்கம்மா ஜாத்திரையில் வேண்டிக்கொண்டவர்கள் வேஷம் கட்டுவார்கள். கரியைப் பூசிக்கொண்டு, வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு, வீடு வீடாகப் போய் யாரை வேண்டுமானாலும் எவ்வளவு கெட்ட வார்த்தை வேண்டுமானாலும் திட்டலாம். திட்டு வாங்கினவன் கோபித்துக்கொள்ளக் கூடாது, முறத்தில் அரிசி போட வேண்டும். வேஷம் கட்டினவன் வீட்டுக்கு வந்ததும் வீட்டு ஆள் தலைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் சரி, அத்தோடு தீர்ந்தது. வேஷத்தில் சொன்னதை வேஷம் கலைந்தபின் கேட்கக் கூடாது என்பது ஊர்ச் சட்டம். சுமித்ராவுக்கும் விழுந்தது ஒரு வேஷம், கட்டிவிட்டு இறங்கிவிடுவாள், என்ன இப்போது.

பவன்குமார் இரண்டு நிமிஷம் அம்பேத்கர், அரசியல் சட்டம் என்று எதையோ போனில் பார்த்துப் படித்துவிட்டு உட்கார்ந்தான். சுமித்ரா கையில் காகிதம் இல்லாமல் வந்து நின்றாள். தெலுங்கில்தான் பேசினாள்.

"எனக்கு ஒரு அட்டெண்டரைத் தெரியும்," என்று ஆரம்பித்தாள்.

முனிசாமி கையில் இன்னொரு மைக் இருந்தது, கேள்வி கேட்கிறவர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கு ஒரே மகள். கோட்டாவில் அவளுக்கு சீட் கிடைத்தது. அன்றைக்கு அந்த மனிதர் மகளுக்கு ஒரு ஸ்வீட் வாங்கிக் கொடுக்கவில்லை. இனிமேல் என்னைத் தெரிந்தவளாகக் காட்டிக்கொள்ளாதே என்றார். ஏன்? இந்த சீட் எப்படி வந்தது, எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று யாராவது கேட்டுவிடுவார்கள். தன் பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொல்ல தைரியம் கொடுக்காத சலுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" யாரோ பின்வரிசையில் கை தட்டினார்கள். அவள் நிறுத்தவில்லை. "இங்கே டம்ளரில் புள்ளி வைத்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் ராத்திரி அந்தப் புள்ளியை பிளேடால் சுரண்டினாள். மறுநாள் திரும்ப வைத்தார்கள். திரும்பச் சுரண்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். பொறுத்துக்கோ, யாருக்கும் தெரியாமல் படித்துவிட்டு வந்துவிடு என்பார்கள். டம்ளரில் புள்ளி வைத்தவர்களைக் குறை சொல்கிறோம். ஒளிந்துகொள் என்று சொல்லி அனுப்பினார்களே, வீட்டில் வைத்த அந்தப் புள்ளியை எதை வைத்துச் சுரண்டுவது?"

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை. பஸ்ஸில் பையை மடிக்கு எடுத்தபோது அவள் கட்டை விரலில் துணி சுற்றியிருந்தது. இன்னாம்மா என்று கேட்டார். ஆப்பிள் வெட்டினேன் நைனா, கிழிச்சிக்கிச்சு என்றாள். ஹாஸ்டலில் ஆப்பிளெல்லாம் போடுகிறார்களா என்று சந்தோஷப்பட்டவர் இந்த முனிசாமி. அடப்பாவி மனுஷா, அந்தக் கவரை உன் கையாலேயே கொண்டுபோய் மேசையில் வைத்தாயே, உன் பிள்ளை பெயர் அதற்குள் இருந்ததே என்று நெஞ்சுக்குள் யாரோ போட்டு மிதிப்பதுபோல் இருந்தது. ஜாத்திரையும் ஞாபகத்துக்கு வந்தது. அவரைப் பெற்ற நைனா ஒரு வருஷம் வேஷம் கட்டி, கூலியை நிறுத்திவைத்திருந்த பெரிய வீட்டுக்காரர் வாசலில் போய் நின்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். பெரிய வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அரிசி போட்டார். ஊரும் சிரித்தது. ஆனால் நைனா அன்றைக்குச் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. வருஷமெல்லாம் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் அந்தக் கரியைப் பூசிக்கொண்டார். முனிசாமிக்கு அது அப்போது பன்னிரண்டு வயதிலேயே தெரியும். எப்படி மறந்துபோனார் என்பதுதான் தெரியவில்லை.

சுமித்ரா முடித்தபோது ஹால் எழுந்து நின்று கை தட்டியது. விசில்கூட அடித்தார்கள். வாதத்துக்காக ஒரு அட்டெண்டரை அழகாகக் கற்பனை செய்திருக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சபீனா மேடத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் பேசலாம், இது திறந்த மேடை என்றார். இரண்டு மூன்று பையன்கள் மைக் வாங்கி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அப்புறம் மேடத்தின் பார்வை முனிசாமி பக்கம் திரும்பியது. சிவனே என்று சுவரோரம் நிற்கிற மனிதனை இழுத்து நடுவில் விடுவதில் இந்தப் படித்தவர்களுக்கு என்னதான் ஆனந்தமோ.

"முனிசாமி காரு, மீரு செப்பண்டி," என்றார், நீங்க சொல்லுங்க என்று. அந்த ஹாலில் பதினொரு வருடத்தில் அவர் பெயரோடு யாரும் மரியாதைக்குக் காரு சேர்த்ததில்லை. "ஒரு அட்டெண்டரைப் பற்றித்தான் சுமித்ரா பேசினார். அந்த அப்பா இடத்தில் நீங்கள் இருந்தால், அந்த மகளுக்கு என்ன சொல்வீர்கள்?"

நானூறு தலை திரும்பியது. மேடைமேல் சுமித்ராவும் திரும்பினாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த கேட்டுக்கு உள்ளே மகள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கூப்பிடேன் என்கிற மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளையில் ஸ்கூல் விட்டு வெளியே வந்து, கூட்டத்தில் தன்னைக் கூப்பிட வந்தவரைத் தேடுகிற மாதிரி இருந்தது. முனிசாமி வாய் திறந்தார். இவ என் பொண்ணு என்று ஒரே வரிதான். சொன்னால் டம்ளர் யாருடையது என்று நானூறு பேருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். அவள் தெரு தெரிந்துவிடும். புள்ளி வைத்தவர்கள் இந்த ஹாலில்தான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் ஒன்றேகால் வருஷம் அவள் அவர்களோடுதான் சாப்பிட வேண்டும். மூன்று வருடம் பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு நொடியில் போட்டு உடைப்பதா. இதெல்லாம் அவர் நினைத்தாரா, நினைப்பதற்கு முன்னால் பழகிய வாய் முந்திக்கொண்டதா, அவருக்கே தெரியாது.

"நாகு பில்லலு லேரு மேடம்," என்றார். எனக்குப் பிள்ளைங்க இல்லை.

பின்வரிசையில் லேசாகச் சிரித்தார்கள். மேடம் சங்கடப்பட்டு, பரவாயில்லை, பரவாயில்லை என்றார். சும்மா விட்டிருக்கலாம். முனிசாமி மரியாதைக்கு இன்னொரு வாக்கியமும் சேர்த்தார். "அந்தம்மா பாகா மாட்லாடினாரு." அந்த அம்மா நன்றாகப் பேசினார்கள். சுமித்ரா கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள், அதன் பொத்தானை அணைத்தாள், கொண்டுபோய் ஸ்டாண்டில் வைத்தாள். முதல் பரிசு அவளுக்குத்தான். பரிசுத் தட்டை ஏந்தி நின்றதும் முனிசாமிதான். சான்றிதழை எடுத்துக்கொண்டு, "தாங்க்ஸ் அண்டி," என்று வெளியாளுக்குச் சொல்கிற மரியாதையோடு தட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

ஹால் காலியானதும் கருத்துப் படிவங்களைப் பொறுக்கி அடுக்கினார். இந்தப் பயிற்சி உங்கள் எண்ணத்தை மாற்றியதா, ஆம், இல்லை. ஊழியர்கள் படிவத்தில் எல்லாம் ஆம் போட்டுவிடு என்று ஹரிபாபு சொல்லியிருந்தார். போட்டுக்கொண்டிருந்தபோது ஹரிபாபுவே வந்து மேசைமேல் சாய்ந்தார்.

"பாத்தியா முனிசாமி, அந்தப் பொண்ணு இன்னா தைரியமா பேசிச்சு. ஏதோ பெரிய எடத்துப் பொண்ணு. ரத்தத்துலயே வரும் அதெல்லாம்."

"ஆமா சார்," என்றார் முனிசாமி.

"ஒனக்குப் பசங்க இல்லியா? நீ சொன்னதே இல்லியே."

முனிசாமி படிவங்களின் ஓரத்தை மேசையில் தட்டிச் சரிசெய்தார். ஹரிபாபு அவர் தோளில் ஒரு தட்டு தட்டி, அதுக்கெல்லாம் குடுத்து வெக்கணும்பா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபிறகு முனிசாமி கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். சத்தம் வராமல் அழத் தெரியும் அவருக்கு. அவள் வேஷத்தைக் கலைத்துவிட்டு வந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டிய ஆள் அவர்தானே. ஊற்ற வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, நீ எந்த வீட்டுப் பிள்ளையம்மா என்று கேட்டுவிட்டாரே.

நாலரை மணிக்கு முகம் கழுவினார். சட்டையை மாற்றவில்லை. நீல யூனிஃபார்மில் பெயரும் அட்டெண்டர் என்ற எழுத்தும் போட்ட பட்டையும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பின்பக்க கேட்டுக்குப் போகாமல், பெரிய கேட் வழியாக நேராகக் காலேஜ் ஸ்டாப்புக்கு நடந்தார். போகிறபோதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். வா சுமி, போலாம். அவ்வளவுதான். எத்தனை பேர் நின்றாலும் சரி, பக்கத்தில் போய் நின்று பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். தெரிந்தால் தெரியட்டும், தலையையா சீவிவிடுவார்கள். கழுத்துக்கு மேல் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன.

ஸ்டாப்பில் முப்பது பிள்ளைகள் நின்றார்கள், பவன்குமாரும் இருந்தான். சுமித்ராவைக் காணவில்லை. முனிசாமி இரண்டு தடவை கூட்டத்தைச் சுற்றி வந்தார். ஹாஸ்டல் பெண் ஒருத்தி போனில் யாரிடமோ, சுமித்ரா அப்போவே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள், கூப்பிட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பரிசு வந்ததும் திமிர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மணி பஸ்ஸில் போய்விட்டாள் போல என்று முனிசாமி நினைத்தார். இந்த மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காமல் போயிருப்பாள். வீட்டுக்குப் போனால் பொன்னியம்மா முன்னால் எப்படி முகத்தில் முழிப்பது என்று நினைத்துக்கொண்டே, வந்து நின்ற பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். பிதுங்கி வழிந்தது. கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லாமல் பவன்குமாரின் முதுகுப் பைக்கும் ஒரு கிழவரின் வெற்றிலைக் கட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். பவன்குமார் அவரை அடையாளம் கண்டு, விவாதத்தில் பார்த்த ஆள் என்று சிநேகமாகச் சிரித்தான்.

மாமிடிமானு வருவதற்கு முன்னால் ஸ்பீடு பிரேக்கர் ஒன்று உண்டு. பஸ் அங்கே மெதுவாகத்தான் போகும். முனிசாமி பழக்கத்தில் குனிந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சிமெண்ட் பெஞ்சில் சுமித்ரா உட்கார்ந்திருந்தாள். அவர் நடந்து வருகிற வழியில், மூன்று வருடமாக அவர் நின்ற இடத்தில், அவள் உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸைப் பார்க்கவில்லை. கையும் காட்டவில்லை. காலேஜிலிருந்து அவர் நடந்து வரும் மண் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் கை காட்டாததால் டிரைவர் முன் சக்கரத்தைப் பிரேக்கரில் ஏற்றி இறக்கி கியரை மாற்றப் போனார். "ஆப்பு, ஆப்பு," என்றார் முனிசாமி, நிறுத்து என்று. யார் காதிலும் விழவில்லை. இன்னொரு தடவை பலமாகச் சொன்னார். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

"எறங்கறியா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல. ஏத்தணும். அங்க ஒரு..." ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

"கால் வைக்க எடமில்ல, இதுல ஆள வேற ஏத்தணுமா. கையாவது காட்டிச்சா அந்தப் பொண்ணு?" கண்டக்டர் பெல் கயிற்றில் கையை வைத்தபடி குனிந்து வெளியே பார்த்தார். "யாருய்யா அது? ஒனக்கு இன்னா ஆவணும்?"

பவன்குமார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். சுமித்ரா என்றான் ஆச்சரியமாக. பிறகு மெதுவாகத் திரும்பி முனிசாமியின் சட்டையில் இருந்த பெயரைப் படித்தான், அவர் முகத்தைப் பார்த்தான். பின் சக்கரம் பிரேக்கரில் ஏறியது. வெளியே பெஞ்சின் ஒரு ஓரத்தில் அவள் இருந்தாள், இன்னொரு ஓரத்தில் அவள் பை இருந்தது. புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒரு அம்மாள் அந்தப் பையைக் காட்டி, எடு, உட்காரணும் என்று கையால் கேட்டாள். சுமித்ரா பையின்மேல் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டி ஏதோ சொன்னாள். பஸ் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்த உதடு இரண்டு வார்த்தைக்குத்தான் அசைந்தது, அந்த இரண்டு வார்த்தையும் முனிசாமிக்குத் தெரியும்.